சிறுத்தை இப்போதுதான் போனது

வலது கையை நீட்டி, தூரிகைக் கட்டையை நெட்டுக்குத்தலாகப் பிடித்து, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, எதிரே வரும் பேருந்தைக் கட்டைவிரலால் அளந்துகொண்டிருந்தார் அவர். பேருந்து முதலில் நகக்கண் அளவு இருந்தது. பிறகு ஒரு கணு அளவு ஆனது. பிறகு விரலை மீறி வளர்ந்து, அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்றேவிட்டது. நீட்டிய கையைப் பார்த்தால் ஓட்டுநர் வேறென்ன செய்வார்?

“ஏறுறீங்களா சார்?”

“இல்லப்பா, நீ போ. அளவு எடுத்தாச்சு.”

ஓட்டுநர் முணுமுணுத்த வார்த்தையைப் பத்திரிகையில் போட முடியாது. பேருந்து கிளம்பிப் புகையும் அடங்கிய பிறகு என் பக்கம் திரும்பி, “அது எத்தனாம் நம்பர் வண்டி?” என்றார். சொன்னேன். அவ்வளவு நேரமாக அவர் காத்திருந்ததே அந்த வண்டிக்குத்தான்.

“முன்னாடியே சொல்றதுக்கென்ன பத்திரிகை?” என்று என்மேல் பாய்ந்தார். நான் பத்திரிகைக்காரன் என்பதால் அவர் வாயில் என் பெயர் அது. மறுகணமே முகம் மலர்ந்துவிட்டது. “நம்பர எவன் பார்த்தான்? அந்த மஞ்சளப் பார்த்தியா? வெயில் பட்ட எடத்துல எலுமிச்சை. நெழல்ல கடுகு. சக்கரத்துக்கிட்ட அழுக்கும் சேர்ந்துக்கிட்டு… ஆகா!”

இவர் என் பக்கத்து வீட்டுக்காரர். வாசல் பலகையில் ‘வனவிலங்கு மற்றும் இயற்கைக் காட்சி ஓவியர்’ என்று தம் கையாலேயே எழுதி மாட்டியிருக்கிறார். அதில் இயற்கைக் காட்சி பற்றி ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. வனவிலங்கு பற்றித்தான் வழக்கு.

கார் நிறுத்தும் கொட்டகைக்கு மேலே இருக்கிறது அவருடைய ஓவிய அறை. படியேறும்போதே ஆளி எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த நெடி மூக்கைப் பிடித்துக்கொள்ளும். வர்ணக் குழாய்கள் எல்லாம் கடைசிச் சொட்டு வரை பிழியப்பட்டு, சுருண்டு, செத்த புழுக்கள் மாதிரி ஒரு தகரத் தட்டில் கிடக்கும். தூரிகை துடைக்கிற துணியை உற்றுப் பார்த்தால் ஒரு சட்டைக் காலர் தெரியும். அது பெரும்பாலும் போன மாதம்வரை அவர் வெளியே போட்டுக்கொண்டு போன சட்டையாகத்தான் இருக்கும். அவர் மனைவியைக் கேட்டால், “சட்டையாவது பரவால்ல தம்பி, என்னோட நல்ல தலையணை உறை ஒண்ணு அங்கதான் மலைப் படமாப் போயிடுச்சு” என்பார்.

குழாயில் வரும் பச்சையை அவர் தொடுவதில்லை. “அது பிளாஸ்டிக் வாளிக்கு அடிக்கிற பச்சை” என்பது தீர்ப்பு. நீலத்தையும் மஞ்சளையும் தாமே குழைத்து உண்டாக்கிய பச்சைகளுக்குப் பெயரும் வைத்திருக்கிறார். மழை பெய்து ஓய்ந்த இலைக்கு ‘கடன் அடைச்ச பச்சை’. காய்ந்த புல்லுக்கு ‘ரெண்டாம் கல்யாணப் பச்சை’. பாசி பிடித்த தண்ணீருக்கு ‘மாமனார் பச்சை’. மாமனார் எப்போதோ காலமாகிவிட்டார். பச்சை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

தொழிலில் அவருக்கு ஒரே கொள்கை. கண் பார்க்காததைக் கை வரையக் கூடாது. சங்கத்து ஓவியர்கள் பலரும் புகைப்படத்தைப் பார்த்துப் புலி வரைகிறவர்கள். அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இவருக்கு மூக்கு விடைத்துவிடும். “போட்டோவப் பார்த்து வரையறவன் போட்டோவப் பார்த்தே சாப்பிடட்டுமே! பசி அடங்குதான்னு பார்க்கலாம்.”

கொள்கையில் குறை இல்லை. சிக்கல் வேறெங்கோ இருந்தது. கல்யாணமான புதிதிலிருந்து இவர் மாதம் தவறாமல் காட்டுக்குப் போகிறார். ஓவியச் சட்டகம், மடக்கு நாற்காலி, தொப்பி, கொசு மருந்து என்று கார் நிறைய ஏற்றிக்கொண்டு போகிறார். ஆனால் ஒரு விலங்குகூட இவர் கண்ணில் பட்டது கிடையாது. அதனால் இவர் படங்களிலும் விலங்கு கிடையாது. மரம் இருக்கும், நீர்நிலை இருக்கும், பாறைகளும் கட்டைகளும் இருக்கும், எல்லாவற்றின்மேலும் அழகான ஒரு மூடுபனி இருக்கும். கீழே தலைப்பு மட்டும் இருக்கும்: ‘மான்கள் போன பிறகு’. ‘யானை வருவதற்கு முன்’. ‘சற்று முன்தான் கரடி’.

யாராவது, “கரடி எங்க சார்?” என்று கேட்டால் பதில் ஒற்றைச் சொல்: “போயாச்சு.”

அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. இன்றைக்குப் ‘போயாச்சு வீடு’ என்று கேட்டால்தான் கடைத்தெருவில் வழி சொல்வார்கள்.

படங்கள் விற்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிரமாதமாக விற்கின்றன. ‘மான்கள் போன பிறகு’ ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் தொங்குகிறது. வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு, யாரோ தப்பித்துப் போய்விட்டார்கள் என்கிற எண்ணமே ஆறுதலாக இருக்கிறதாம். ‘யானை வருவதற்கு முன்’ ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்புக் கூடத்துக்குப் போனது. வழக்கறிஞர் ஒருவர் கரடிப் படத்தை வாங்கித் தம் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். சம்பவம் நடந்திருக்கிறது, சம்பந்தப்பட்டவர் அங்கே இல்லை. அவருக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. கலை விமர்சகர் ஒருவர், ‘இன்மையையே உடலாகக் கொண்ட விலங்குகள்’ என்று எழுதியதில் விலை இன்னும் ஏறியது. அந்தக் கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னார் போயாச்சு. எழுத்து பொடியாக இருக்கிறதாம். வாசித்தேன். “என்ன சொல்றான்?” என்றார். எனக்கும் புரியவில்லை. “பாராட்டறான்னு நெனைக்கறேன்” என்றேன். “அப்ப சரி” என்றார்.

இந்த இடத்தில் அவர் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். ஊரில் பாதிப் பேரின் மூக்கில் கண்ணாடியை மாட்டி, “தலைய நேரா வைங்க, இப்ப படிங்க” என்று சொன்னவர் அவர்தான். என் மூக்கிலும் மாட்டினார். மீதிப் பாதி ஊரில் முதல் ஆள் அவருடைய கணவர்.

போயாச்சுக்குத் தூரப்பார்வை மங்கல் என்பது தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். அதைத் தபால்காரர் என்று நினைத்து நலம் விசாரித்திருக்கிறார். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போன இடத்தில் எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். “நான் வரையறவன். படிக்கறவன் இல்ல” என்று எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து காரை ஓட்டுவது மனைவிதான். ஆனால் கண்ணாடி என்ற பேச்சை மட்டும் வீட்டில் எடுக்கக் கூடாது.

“கண்ணாடி போட்ட ஓவியன்கிட்ட எவன் படம் வாங்குவான்? பல்லு கொட்டின பல் டாக்டர்கிட்ட நீ போவியா?”

இதற்கு மேல் வாதம் கிடையாது. மனைவி அவருக்காக ஒரு கண்ணாடியைச் செய்து கைப்பையில் வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு ஒருமுறை கணவர் உறங்கும்போது விளக்கைப் பிடித்துச் சோதிப்பாரோ, குத்துமதிப்பாகவே மாற்றுவாரோ, அளவு மட்டும் காலத்துக்கேற்பக் கூடிக்கொண்டே வருகிறது. கண்ணாடி மட்டும் பையைவிட்டு வெளியே வந்ததில்லை.

பிரச்சினை சங்கத்தில் ஆரம்பித்தது. வனவிலங்கு ஓவியர் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சி நடத்தும். கூடத்தில் வாசலுக்கு நேர் எதிரே இருப்பது நடுச் சுவர். உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் விழுவது அதுதான். மூப்பு வரிசைப்படி ஆண்டுக்கு ஒருவருக்கு அது கிடைக்கும். இத்தனை வருடங்களாகப் போயாச்சுவின் படங்கள் தொங்கியது கழிவறைக்குப் போகிற நடையில். அவரும் அங்கேயே கைகட்டி நிற்பார். படத்தைப் பற்றி ஏதோ கேட்க வருகிறார்கள் என்று ஆவலாக நிமிர்வார். “சார், ஆண்களுக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்பார்கள்.

இந்த ஆண்டு மூப்பு வரிசை அவரிடம் வந்து நின்றது. நடுச் சுவர் அவருக்கு. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. எங்கள் வீட்டு முன்னறைச் சுவரைக்கூட வந்து கட்டைவிரலால் அளந்துவிட்டுப் போனார்; நடுச் சுவர் இதைவிட எவ்வளவு பெரியது என்று எனக்குக் காட்டுவதற்காக.

அதே ஆண்டு சங்கத்துக்குப் புதுத் தலைவரும் வந்தார். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கிளிகள் மட்டுமே வரைவார். ஒவ்வொரு கிளியின் இறகையும் தனித்தனியே வரைந்து, கூட்டல் சரியாக வந்தால்தான் கையெழுத்துப் போடுவார். அவர் கொண்டுவந்த புதிய விதி இது: ‘காட்சிக்கு வைக்கப்படும் ஒவ்வொரு ஓவியத்திலும், சாதாரணப் பார்வையுள்ள ஒருவர் சிரமமின்றிக் காணும்படி, குறைந்தது ஒரு வனவிலங்கேனும் இருத்தல் வேண்டும்.’

அதே கூடத்தில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு நானும் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். விதியை வாசித்ததும் எல்லாத் தலைகளும் ஒரே ஆளை நோக்கித் திரும்பின.

“பட்டாம்பூச்சி விலங்குக் கணக்குல வருமா?” என்று கவலையோடு கேட்டார், வாழ்நாள் முழுதும் பட்டாம்பூச்சி மட்டுமே வரைந்த ஓர் அம்மையார்.

“வரும்மா. உயிர் இருக்கே” என்றார் தலைவர்.

போயாச்சு எழுந்தார். “காலடித் தடம்?”

“வராது.”

“கடிச்சுப் போட்ட கிளை?”

“வராது சார்.”

“சாணி? சாணி இருந்தா மிருகம் இருந்துச்சுன்னுதானே அர்த்தம்?”

“சாணிக்கெல்லாம் நடுச் சுவர் குடுக்க முடியாது சார். மிருகம் நேர்ல வரணும்.”

கூடம் சிரித்தது. போயாச்சு சிரிக்கவில்லை. விலங்கு இல்லாத படம் விலக்கப்பட்டால் நடுச் சுவர் மூப்பில் அடுத்தவருக்குப் போகும். அடுத்தவர் யார் என்று கேட்கிறீர்களா? கிளித் தலைவரேதான். விதியை வாசித்து முடித்ததும் அவர் நடுச் சுவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அன்று மாலை பக்கத்து வீட்டில் நடந்த உரையாடல் எங்கள் சமையலறை வரை கேட்டது.

“ஒரு முயலாவது போட்டுடுங்களேன். முயல் பார்த்திருக்கீங்கல்ல, அடுத்த தெருவுல கூண்டுல?”

“அது வளர்ப்பு முயல். வனவிலங்கு இல்ல.”

“பட்டாம்பூச்சியே கணக்குல வருதாமே?”

“நீயும் அந்தாளு கூடச் சேர்ந்துட்டியா? நான் பொய் வரைய மாட்டேன். ஒரே ஒரு தடவ ஒரு மிருகத்த நேர்ல பார்த்துட்டா போதும். நாளைக்கே போறோம் காட்டுக்கு.”

பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

காட்டோரத்தில் ஒரு நீர்நிலை. இந்தக் கரையில் கம்பிவேலியும் பார்வையாளர் மேடையும். அந்தக் கரையில் ஒரு பட்டமரம் தண்ணீருக்குமேல் சாய்ந்து நிற்கிறது. மேடையில் ஏறுமுன் போயாச்சு என்னை நிறுத்தி, காட்டுச் சட்டங்களைச் சொன்னார். வாசனைத் திரவியம் கூடாது. பளிச்சென்ற நிறத்தில் உடை கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, வாயைத் திறக்கக் கூடாது.

“ஒரு வார்த்த கூடாது பத்திரிகை. கல்யாணமான புதுசுல இவ ‘அதோ பாருங்க’ன்னு கத்தினா. வந்த மானு ஓடியே போச்சு. அன்னிக்குப் போட்ட சட்டம் இது. இவளக் கேளு.”

மனைவி கேட்கப்படாமலேயே தலையாட்டினார். ஒரு வார இதழின் குறுக்கெழுத்துப் பக்கத்தை மடித்துக்கொண்டு நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார்.

போயாச்சு வேலையைத் தொடங்கிவிட்டால் பார்க்கவே அழகாக இருக்கும். முணுமுணுப்பார், கொட்டாவி விடுவார், தூரிகையை வாயில் கவ்விக்கொள்வார். வானத்தை முடித்தார். மரத்துக்கு வந்தார். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன்.

பட்டமரத்தின் கிளையில், நான்கு கால்களையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு, ஓய்வு நாளில் கணவன்மார்கள் சோபாவில் கிடப்பதுபோல ஒரு சிறுத்தை படுத்திருந்தது.

என் வாய் திறந்தது. சத்தம் வருமுன் பக்கத்து நாற்காலியில் இருந்து ஒரு விரல் உயர்ந்தது. மனைவி உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் எந்த வியப்பும் இல்லை.

போயாச்சு கையை நீட்டினார். கண்ணை மூடினார். சிறுத்தையைக் கட்டைவிரலால் அளந்தார். “மரத்துல என்னா மாதிரி ஒரு புடைப்பு பாரு” என்று தமக்குள் மகிழ்ந்துகொண்டு, பழுப்பையும் மஞ்சளையும் குழைத்து அதை வரைந்தார். சிறுத்தை கொட்டாவி விட்டது. “வெளிச்சம் மாறுதே” என்று அவசரப்பட்டார். சிறுத்தையின் வால் ஆடியது. “கொடி ஒண்ணு தொங்குது” என்று அதையும் ஒரே இழுப்பில் இழுத்துச் சேர்த்தார். காற்றே இல்லாத நேரத்தில் ஒரு கொடி மட்டும் ஏன் ஆடுகிறது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. அவர் தண்ணீருக்கு வந்தபோது சிறுத்தை எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, இறங்கிப் போய்விட்டது.

கை கழுவ அவர் குழாயடிக்குப் போனதும் நான் வெடித்தேன்.

“அக்கா! அது புடைப்பு இல்ல!”

“தெரியும் தம்பி. டீ குடிக்கறீங்களா?”

“சொல்லியிருக்கலாமே!”

“பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காரே.” பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றினார். “இதுக்கே இப்படிங்கறீங்க. அந்த ஓட்டல்ல மாட்டியிருக்கே, யானை வர்றதுக்கு முன்னாடின்னு? அன்னிக்குக் கூட்டமா வந்து, குட்டியோட குளிச்சுட்டுப் போச்சுங்க. இவரு அத மேகத்தோட நெழல்னு போட்டாரு. பல் டாக்டர்கிட்ட இருக்கற மான் படத்துல நாலஞ்சு கட்டை கெடக்குமே, பார்த்திருக்கீங்களா? கட்டைக்கு எங்கயாவது காது இருக்குமா?”

“அப்ப எல்லாப் படத்துலயும்…?”

“எல்லாத்துலயும் இருக்கு. பார்த்தத வரையாம விடமாட்டாரே. அந்த விஷயத்துல நாணயமானவரு.”

“ஒரு நாளாவது அந்தக் கண்ணாடியக் குடுத்திருந்தா?”

அவர் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆரம்பத்துல கோவத்துல சொல்லாம விட்டேன். ஒரு மானுக்காக ஒரு வாரம் பேசாம இருந்த மனுஷன். அப்புறம் படம் விக்க ஆரம்பிச்சுது. எல்லாரும் அந்தப் பனியத்தான் காசு குடுத்து வாங்கறாங்க தம்பி. கண்ணாடிய மாட்டிட்டா பனி ஏது? ஒவ்வொரு எலையும் தெரியும். தெரிஞ்சத விடமாட்டாரு. ஒரு மரத்த வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள காடே உதிர்ந்து துளிர்த்துடும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இப்ப சொன்னா, இத்தன வருஷமா ஏன் சொல்லலன்னு கேப்பாரே. அதுக்குத்தான் பதில் இல்ல.”

போயாச்சு ஈரக் கையோடு வந்தார். எதிர்க்கரையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். “இன்னிக்கும் ஒண்ணும் வரல” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் படத்தின் பின்புறம் தலைப்பை எழுதும்போது கை தயங்கவில்லை: ‘சிறுத்தை இப்போதுதான் போனது’. எந்த விலங்கு போயிருக்கும் என்பதை அந்தந்த இடமே தமக்குச் சொல்லும் என்பார். அவர் வைத்த தலைப்புகளிலேயே அச்சு அசலாக உண்மை அது ஒன்றுதான்.

கண்காட்சிக்கு முந்தைய பார்வையிடல். நடுச் சுவரில் படம் மாட்டப்பட்டிருந்தது. போயாச்சு அதன் பக்கத்தில், கறை படாத ஒரு சட்டையில், மாப்பிள்ளை மாதிரி நின்றார். மனைவி வாசலோரம் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் வந்தார். தடித்த கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூக்கு படத்தில் உரசும் அளவுக்குக் குனிந்து, மேலிருந்து கீழாகத் தணிக்கை செய்தார்.

“மிருகம் எங்க சார்?”

“போயாச்சு.”

“எப்ப?”

“இப்பதான்.”

“அப்ப நடுச் சுவரும் போயாச்சு சார்.”

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். போயாச்சு வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ திரும்பி, சட்டகத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, தாமே படத்தை ஆணியில் இருந்து தூக்கப் பார்த்தார். கயிறு சிக்கிக்கொண்டது. கழிவறை நடைப்பக்கம் அவர் பார்வை ஒருமுறை போய் வந்தது.

“கழட்டாதீங்க.”

ஒரு படத்தின் முன்னால் அவர் மனைவி வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் நேராகத் தலைவரிடம் போனார்.

“சார், அந்த விதிய இன்னொரு தடவ சொல்லுங்க.”

தலைவருக்கு மனப்பாடம். “சாதாரணப் பார்வையுள்ள ஒருவர் சிரமமின்றிக் காணும்படி…”

“கண்ணாடி போட்டுக்கிட்டுன்னு எழுதியிருக்கா?”

“இல்ல. ஆனா…”

“அப்ப கழட்டுங்க.”

தலைவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவர் இந்த அம்மாள்தான். கடையில் பழகிய பழக்கத்தில் அவர் தம்மை அறியாமல் தாடையைத் தூக்கினார். அம்மாள் இரண்டு காதிலிருந்தும் நோகாமல் உருவி எடுத்துக்கொண்டார். “இப்படியே பின்னாடி வாங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன். இன்னும் வாங்க. வாசல் வரைக்கும். தலைய நேரா வைங்க. இப்ப சொல்லுங்க.”

“என்னத்தம்மா சொல்றது? எல்லாம் புகையா இருக்கு. தண்ணி மாதிரி ஒண்ணு. மரம் ஒண்ணு சாஞ்சிருக்கு. மரத்துமேல… ஐயய்யோ!”

தலைவர் பின்வாங்கிய வேகத்தில் கதவில் இடித்துக்கொண்டார்.

அவ்வளவுதான். ஆளாளுக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கிப் பின்னோக்கி நடந்தார்கள். நானும் நடந்தேன். கிட்டத்தில் தெரிந்த தூரிகைத் தடங்களெல்லாம் கரைந்துபோக, கிளைமேல் கால்களைத் தொங்கவிட்டபடி, வால் ஒரு பக்கம் வளைந்திருக்க, சிறுத்தை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியே போடாத ஒரு வாலிபர் மட்டும், “எங்க? எங்க?” என்று தவித்தார். கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னதும் அவரும் கத்தினார்.

“ஒளிச்சு வச்சுக் காட்டறீங்களே, எப்படிங்க இது!” என்று பட்டாம்பூச்சி அம்மையார் போயாச்சுவின் கையைப் பிடித்துக்கொண்டார். தலைவர் முட்டிய தலையைத் தேய்த்தபடி, “சிரமமின்றின்னு விதி இருக்கு. ஆனா எனக்குச் சிரமமில்லாமத்தான் தெரிஞ்சுது” என்று ஒப்புக்கொண்டார். நேர்மையான தணிக்கையாளர். “தலைப்ப மட்டும் மாத்திடுங்க சார். போகலியே, இருக்கே!”

போயாச்சு படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு தேநீர் குடிக்க அடுத்த அறைக்குப் போனார்கள்.

என்னைத் தவிரக் கூடம் காலியானதும் அவர் வாசலுக்கு வந்து, எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார். மனைவி ஓரடி பின்னால் நின்றார்.

“எப்ப வந்துச்சு?”

“நீங்க மரம் வரையறப்போ.”

“நீ பார்த்தியா?”

“நீங்கதான் பேசக்கூடாதுன்னு சொன்னீங்க.”

அடுத்த அறையில் கோப்பைகள் மோதும் ஒலி மட்டும் கேட்டது.

அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு தூரிகையை எடுத்தார். கையை நீட்டி, கட்டையை நெட்டுக்குத்தலாகப் பிடித்து, இடது கண்ணை இறுக மூடி, தாம் வரைந்த அந்தப் புடைப்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அளந்தார். கீழிருந்து மேலே அளந்தார். கண்ணை மாற்றி மூடிக்கொண்டும் அளந்து பார்த்தார்.

பிறகு தூரிகையைப் பைக்குள் வைத்தார். படத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல், இடது கையை மட்டும் மெல்லப் பின்பக்கமாக நீட்டி, உள்ளங்கையை விரித்தார்.

கைப்பையின் கொக்கி திறக்கும் சத்தம் கேட்டது.